பதினொரு இலைப் பாவட்டை

ஊசியில் நூல் கோக்கப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுகிற வயதுக்கு வந்துவிட்ட, என் வயதொத்த சோட்டுக்காரர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் எப்போதாவது ஒரு பாவட்டை இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்கமாட்டீர்கள். நமக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம் இருந்தது? நான் பார்த்தேன். ஒன்பது வயதில் ஏழு மாதம் ஒரு பாவட்டைச் செடியையே வேலையாக வைத்திருந்தேன். போன கிழமை என் வளவில் நிற்கிற பாவட்டை இந்த வருடத்து முதல் கொத்தை விரித்ததும் அந்த ஏழு மாதமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்து நிற்கின்றன. யாருக்காவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

கோப்பாயில் எங்கள் பக்கம் பாவட்டை கிடையாது. கையகலச் செம்மண் கிடைத்தாலும் மிளகாய், வெங்காயம், புகையிலை என்று வைத்துவிடுகிற ஊரில் புதர்ப் பற்றைக்கு யார் இடம் விடுவார்கள்? வேலி என்றால் கிளுவையும் பூவரசும். பாவட்டை எங்களிடம் வருவது வருடத்தில் ஒரு தடவை, அதுவும் வண்டியில், கட்டுக்கட்டாக. தென்மராட்சிக்கும் அப்பால் காட்டில் வெட்டிய பச்சைக் கிளைகளைக் கட்டி ஏற்றிக்கொண்டு வருவார்கள். அதற்குக் குழை என்று பெயர். தோட்டத்தில் நீளமாக வெட்டிய கிடங்குகளில் குழையைப் பரப்பி மண்ணால் மூடிவிட்டால் அது உக்கிப் பசளை எருவாகிவிடும். மேலே புகையிலை செழிக்கும். கீழே கிடப்பது என்ன மரம், என்ன செடி என்று யாரும் கேட்பதில்லை.

அந்தப் புரட்டாசியில் குழை வண்டி வந்தபோது நான் பள்ளிக்கூடம் விட்டு வந்த சட்டையோடு ஓடினேன். குழை வண்டியின் மணம் உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. வெட்டிய பச்சை, மாட்டு வியர்வை, எங்கோ நசுங்கிப்போன காட்டுப்பழம், எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். ஐயா கட்டுகளைத் தூக்கித் தூக்கிக் கிடங்கோரம் போட்டார். கட்டவிழ்த்துப் பார்ப்பதில்லை, கத்தியால் கொடியை ஒரு வெட்டு, காலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். என் ஐயா அந்த ஊரிலேயே கெட்டிக்காரத் தோட்டக்காரர். மிளகாய்ச் செடியின் இலையை விரலால் தடவியே அதற்குத் தண்ணீர் போதவில்லையா கூடிவிட்டதா என்று சொல்லிவிடுவார். ஆனால் குழை அவருக்குக் குழைதான்.

ஒரு கட்டிலிருந்து என் முழங்கால் உயரத்தில் ஒரு செடி நழுவி விழுந்தது. வெட்டுப்படாமல் வேரோடு பிடுங்குப்பட்டு வந்திருந்தது. வேரில் எங்கள் மண்ணின் சிவப்பு இல்லை, சாம்பல் நிறமாகப் பொடிமணல் ஒட்டியிருந்தது.

“உதை ஏன் எடுக்கிறாய்?” என்றார் ஐயா.

“நடப்போறன்.”

“மண்ணுக்குள்ளை தாட்டுப்போடுற சாமானை நடப்போறியோ? உது குழை, பிள்ளை. செடியில்லை.”

வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றவர், சிரித்தார். “பாவட்டையெல்லோ அது. சித்திரையிலை எங்கடை பக்கம் வந்து பார், பிள்ளை. பத்தையெல்லாம் வெள்ளையாக் கிடக்கும். ஒரு மைல் தூரத்துக்கு மணக்கும்.”

எனக்கு ஒரு மைல் எவ்வளவு தூரம் என்று தெரியாது. பள்ளிக்கூடத்தையும் தாண்டிப் போகும் என்று நினைத்தேன். வருடாவருடம் எங்கள் கால்களுக்குக் கீழே புதைபடுகிற இதற்குப் பூ இருக்கிறதா? ஐயாவைக் கேட்டேன், தெரியாது என்றார். அம்மாவைக் கேட்டேன், தானும் கண்டதில்லை என்றார். சரி, நான் காணுவேன் என்று முடிவெடுத்துவிட்டேன். அந்த வயதில் எடுக்கிற முடிவுக்கு முன்னால் எந்தத் துரையும் நிற்கமுடியாது.

கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற துலாக்காலுக்குப் பக்கத்தில், குளிக்கிற தண்ணீர் ஓடிப்போகிற இடத்தில் நட்டேன். அதற்கு இரண்டு முழம் தள்ளி ஐயாவின் மிளகாய்ப் பாத்தி. நட்ட மூன்றாம் நாளே இலை எல்லாம் தொங்கி, ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கிவிட்டது. ஐயா தேநீர் குடிக்கிற மூக்குப்பேணியைக் களவாக எடுத்துக்கொண்டுபோய் அதன் மூக்கால் மெல்ல மெல்ல வேரடிக்கு ஊற்றுவேன். வாளியால் ஊற்றினால் அதற்கு மூச்சு முட்டும் என்பது என் எண்ணம். ஐப்பசியில் மழை பிடித்ததுதான் தாமதம், மொட்டைக் கம்பின் கணுவில் நெல்மணி அளவு பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது. குடையில்லாமல் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு அப்போது வயிற்றில் நாலாம் மாதம். சேற்றில் கால் வைத்து வைத்து வந்து, குனியமுடியாமல் குனிந்து பார்த்து, “ஓம், துளிர்தான்,” என்றார். அன்று எனக்கு இரவுச் சாப்பாடு தேவைப்படவில்லை.

காலையில் பள்ளிக்குப் போகுமுன் இலைகளை எண்ணுவேன். ஏழு, பதின்மூன்று, இருபத்திரண்டு, நாற்பது. கார்த்திகை விளக்கீட்டன்று கிணற்றடியில் வைக்கவேண்டிய பந்தத்தை என் செடிக்குப் பக்கத்தில்தான் குத்தவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, அப்படியே செய்வித்தேன். பக்கத்து வளவுப் பிள்ளைகள் வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் வந்து பார்த்துவிட்டு, பூ எங்கே என்று கேட்டார்கள். சித்திரைக்கு வாருங்கள், ஒரு மைல் தூரத்துக்கு மணக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

மார்கழியில் ஒரு காலை ஐயா மிளகாய்க்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிவிட்டு நிமிர்ந்தவர், என் செடியின் இலை ஒன்றைப் பிடித்தார். எதிரே வெயில். இலை விளக்கின் கண்ணாடிச் சிமிலி மாதிரி வெளிச்சமாகியது. அதற்குள்ளே கறுப்புக் கறுப்பாக, கடுகிலும் சிறியதாக, நிறையப் புள்ளிகள் தெரிந்தன. இன்னொரு இலையைப் பார்த்தார். அதிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது.

ஐயாவின் முகம் மாறியதை நான் கண்டேன். அதற்கு முந்திய வருடம் மிளகாய்க்கு நோய் வந்து பாத்தி பாத்தியாகச் சுருண்டுபோயிருந்தது. பிடுங்கிய செடிகளைத் தெருவுக்கு ஏறுகிற ஒழுங்கை முடக்கில் போட்டு அவர் எரித்தது எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

“இது வருத்தம் பிடிச்ச சாமான். மிளகாய்க்குத் தொத்தப்போகுது. பிடுங்கி எறி.”

நான் செடிக்கு முன்னால் குந்திவிட்டேன். அழவில்லை. அழுதால் அவர் தூக்கி அங்கால் வைத்துவிட்டுப் பிடுங்கிவிடுவார் என்று தெரியும். அம்மாதான் கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்று சொன்னார். “இஞ்சேருங்கோ, பிள்ளை ஆசையா வளக்குது. கொஞ்சம் பொறுங்கோவன்.”

ஐயா மண்வெட்டியின் பிடியில் கையை ஊன்றிக்கொண்டு யோசித்தார். “பொங்கல் மட்டும் பாப்பன். அதுக்குள்ளை உந்தப் புள்ளி போகவேணும். போகாட்டில் நானே பிடுங்குவன். பிறகு அழக்கூடாது.”

சோட்டுக்காரர்களே, அன்றிலிருந்து நான் வைத்தியராகிவிட்டேன். முதலில் அடுப்புச் சாம்பல். பிறகு மஞ்சள் தண்ணீர். பிறகு வேப்பங்கொட்டை இடித்த தண்ணீர். ஐயா பூச்சிக்குப் புகையிலைக் காம்பை ஊறவைத்துத் தெளிப்பதைப் பார்த்திருந்தேன், அதையும் செய்தேன். ஊறவைத்தது அவருடைய மூக்குப்பேணியில். மறுநாள் தேநீர் வார்க்க எடுத்த அம்மா மணந்து பார்த்துவிட்டு அதை வெளியே வைத்தார். சாம்பல் போட்டு விளக்கினார், புளி போட்டு விளக்கினார், மணம் போகவேயில்லை. “இனி உது உன்ரை செடிக்குத்தான்,” என்று என் கையில் தந்துவிட்டார். ஐயா அதன்பிறகு கண்ணாடிக் கிளாசில் தேநீர் குடித்தார். அந்தப் பேணி பிறகு இடம்பெயர்ந்து ஓடிய ஓட்டங்களில் எங்கேயோ விடுபட்டுப் போய்விட்டது. இப்போது கிடைத்தால் அதே புகையிலை மணத்தோடு இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை.

ஒரு மருந்துக்கும் புள்ளி அசையவில்லை. கடைசியில் எனக்கே ஒரு வழி தோன்றியது. புள்ளி உள்ள இலையைப் பிடுங்கிவிட்டால் புள்ளி எங்கே இருக்கும்? பள்ளியால் வந்ததும் செடிக்கு முன்னால் குந்துவேன். ஒவ்வோர் இலையாக வெயிலுக்கு நேரே பிடிப்பேன். புள்ளி இருந்தால் பிடுங்குவேன். இளம் இலையில் புள்ளி தெரியாது, முற்றினால்தான் கறுக்கும். அதனால் இளம் இலைகள் தப்பின, மற்றவை எல்லாம் குழைக்கிடங்குக்குப் போயின. பொங்கலன்று ஐயா வந்து பார்த்தபோது செடியில் தளதளவென்று சின்ன இலைகள் மட்டும் நின்றன. வெயிலில் பிடித்தார். சுத்தம்.

“பாத்தியே, சொன்னனான். கவனிச்சால் மாறும்,” என்று என் தலையில் கை வைத்தார்.

அந்தக் கை வைத்த இடம் எனக்குக் கனநாள் குளிர்ந்தது. கிழமை போக அந்த இலைகளும் முற்றிக் கறுத்தன. நான் மறுபடி பிடுங்கினேன். தை, மாசி என்று அதே வேலை. என் மகள் வழிப் பேத்தி விவசாயம் படிக்கிறாள். அவள் போன வருடம்தான் எனக்குச் சொன்னாள், பாவட்டை இலையில் உள்ள அந்தப் புள்ளிகள் நோயே அல்லவாம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கிற இடமாம். செடி பிறக்கும்போதே கூடப் பிறக்கிறவையாம், அவை இல்லாவிட்டால் செடி சரியாக வளரவே வளராதாம். அவள் சொல்லச் சொல்ல நான் எழும்பி வெளியே போய்விட்டேன். எத்தனை இலை பிடுங்கியிருப்பேன் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கி, எண்ண முடியாமல் விட்டேன்.

பங்குனி பிறந்தும் செடி வளரவில்லை. புது இலைகள் கையளவுக்கு வராமல் விரலளவில் நின்றன. நான் எண்ணினேன், பதினொன்று. அந்தப் பதினொன்றுக்கு நடுவில், உச்சியில், பச்சை ஊசிகளைச் சேர்த்துக் கட்டியதுபோல் ஒன்று முளைத்திருந்தது. மொட்டு. ஒன்றல்ல, ஒரு கொத்து. நான் கிணற்றைச் சுற்றி ஓடினேன். எத்தனை சுற்று என்று தெரியாது, துலாக்கொடி காலில் தட்டி விழுந்து முழங்காலில் தோல் போன பிறகுதான் நின்றேன். பதினொரு இலையிலும் புள்ளி கறுக்கத் தொடங்கியிருந்தது. பிடுங்கவில்லை. மொட்டுக்குச் சோறு வேண்டும் என்று எனக்கு யாரோ உள்ளே இருந்து சொன்னது மாதிரி இருந்தது. ஐயா கேட்டால் என்ன சொல்வது என்று பயமாகவும் இருந்தது.

அந்தக் கிழமைதான் அம்மாவுக்குப் பெரியாஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். அம்மாவையும் தம்பியையும் காரில் கொண்டுவந்து இறக்கிய அன்று உடுப்பிட்டியிலிருந்து பெரியம்மா, அம்மாவின் தமக்கை, ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். பெரியம்மா வந்தால் வீடு அவருடையது. பிள்ளைபெற்றவளுக்குக் காயமருந்து அரைப்பது, பத்தியச் சாப்பாடு, பிள்ளைக்கு எண்ணெய் வைப்பது எல்லாம் அவர் சொல்கிற நேரத்தில் நடக்கவேண்டும். அம்மா இடுப்பைப் பிடித்த நாரிக்குத்தில் திரும்பிப் படுக்கமுடியாமல் முனகிக்கொண்டு கிடந்தார். முந்தி என்னைப் பெற்றபோது இப்படி இல்லை என்று சொன்னார். சிரிக்காத அம்மாவை நான் அதற்கு முதல் கண்டதில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

“நாளைக்கு இலை அவிச்சுத் தண்ணி வாக்கவேணும்,” என்றார் பெரியம்மா. “வேப்பிலை கிடக்கு, நொச்சி நான் கொண்டந்தனான். பாவட்டைதான் இல்லை. நாரிப்பிடிப்புக்கு அதுதான் முக்கியம். தம்பி, எங்கையாவது பாத்துக் கொண்டாரும்.”

தம்பி என்றது ஐயாவை. ஐயா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் வாசல் படலையில் நின்றேன். எங்காவது கிடைத்துவிடவேண்டும் என்று கோப்பாயில் உள்ள எல்லாப் பிள்ளையாருக்கும் நேர்த்தி வைத்தேன். மத்தியானத்துக்குப் பிறகு ஐயா வியர்த்து வழிய வந்தார். கரியரில் ஒரு கட்டு இலை. எனக்கு உயிர் வந்தது.

பெரியம்மா முற்றத்துக்கு இறங்கி, கட்டிலிருந்து ஓர் இலையை உருவி, வெயிலுக்கு நேரே பிடித்தார்.

“இது பாவட்டை இல்லை.”

“பாவட்டைதான் அக்கா. நான் வருசா வருசம் வண்டி வண்டியாத் தாட்டுப்போடுறவன், எனக்குத் தெரியாதோ?”

“எங்கை இதிலை புள்ளி? பாவட்டையெண்டால் வெயிலிலை பிடிக்கேக்கை உள்ளுக்குக் கறுப்புப் புள்ளி தெரியவேணும். புள்ளி இல்லாட்டில் அது வேறை என்னவோ. இது ஆட்டுக்குப் போடத்தான் சரி.”

ஐயா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அவர் கிணற்றடிப் பக்கம் திரும்பினார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சைக்கிள் மணியைப் பார்த்தார். எங்கள் வளவிலேயே பாவட்டை நிற்கிறது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு சொல் சொன்னால் போதும். பிடுங்கி எறி என்று மார்கழியில் சொன்ன மனிதர் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. “நான் இன்னொருக்கால் போய்ப் பாக்கிறன். உரும்பிராய்ப் பக்கம் இருக்கும்,” என்று காலைத் தூக்கிச் சைக்கிளில் போடப்போனார்.

உள்ளே அம்மா திரும்பிப் படுக்கப் பார்த்து முனகியது கேட்டது.

நான் கிணற்றடிக்கு ஓடினேன். ஓடும்போதே அழுகை வந்துவிட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணி எண்ணிப் பிடுங்கினேன். மொட்டுக்கு நேர் கீழே இருந்த இரண்டு இலைகளில் கை வைக்க மனம் வரவில்லை. பிறகு அம்மா முனகியதை நினைத்துக்கொண்டு அவற்றையும் பிடுங்கினேன். பதினொன்றையும் சட்டையில் ஏந்திக்கொண்டு வந்து பெரியம்மாவின் ஓலைக் கடகத்தில் போட்டேன்.

பெரியம்மா ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். “இதுதான். எங்கையடி எடுத்தனி? என்ன உவ்வளவுதானோ?”

“மிச்சத்தை நான் முந்தியே பிடுங்கி எறிஞ்சிட்டன்.”

“ஏன்?”

“புள்ளி இருந்தது.”

“உனக்கென்ன விசரே? புள்ளிக்கு ஆரும் இலை பிடுங்குவினமோ?”

ஐயா அங்கேதான் நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. அன்று எனக்கு வந்த கோபம் சொல்லில் அடங்காது. நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. ஐயாமாரும் வெட்கப்படுவார்கள், வெட்கத்தில் அவர்களுக்கும் நா எழாது என்பது அப்போது எனக்கு எப்படித் தெரியும்? பெரியம்மா என்னை விசரி, பைத்தியக்காரி என்று இன்னும் இரண்டு தடவை சொல்லிவிட்டு இலைகளைப் பெரிய கிடாரத் தண்ணீரில் போட்டார். பதினொரு சின்ன இலைகள் எந்த மூலைக்குக் காணும்? ஆனால் மறுநாள் குளித்து எழும்பிய அம்மா, “இப்ப கொஞ்சம் சுகமாக் கிடக்கு,” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். வேப்பிலையோ, நொச்சியோ, சுடுதண்ணீரோ, யாருக்குத் தெரியும். என்னுடைய பதினொன்றுதான் என்று நான் முடிவெடுத்துவிட்டேன்.

செடி ஒற்றை இலைகூட இல்லாமல், உச்சியில் மொட்டுக்கொத்தோடு மட்டும் நின்றது. நான் மூக்குப்பேணியால் காலையும் மாலையும் ஊற்றினேன். சில நாள் நான் போகுமுன்பே வேரடி நனைந்திருந்தது. யார் ஊற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை.

தம்பிக்கு முப்பத்தோராம் நாள், தீட்டுப் போக்குகிற துடக்குக் கழிவு. விடிய எழும்பி முகம் கழுவப் போன நான் வாளியைக் கைவிட்டுவிட்டேன். இலையில்லாத அந்தக் கம்பின் தலையில் வெள்ளையாக ஒரு கொத்து விரிந்திருந்தது. ஒவ்வொரு பூவுக்கும் நாலு சின்ன இதழ், நடுவிலிருந்து மெல்லிய நூல்போல் நீட்டிக்கொண்டு ஒன்று. மணம் ஒரு மைல் போகவில்லை. கிணற்றடியைத் தாண்டி, குசினியைத் தாண்டி, அம்மாவின் கட்டில்வரை மட்டும் போனது. நான் கத்திய கத்தலில் தம்பி எழும்பி அழத் தொடங்கிவிட்டான். அம்மா, பெரியம்மா, வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்துப் பிள்ளைகள், எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஐயா மிளகாய்ப் பாத்திக்குள் நின்று பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

பூ கொட்டியபிறகு துளிர் வரவில்லை. வைகாசியில் சோளகக் காற்று எழும்பியதும் கம்பு காய்ந்து, ஒருநாள் காற்றில் முறிந்து கிடந்தது. அதை யாரும் குழைக்கிடங்கில் போடவில்லை. நானே எடுத்து வேலியோரம் வைத்தேன். பூவைக் கண்டுவிட்டேன், போதும் என்று வீறாப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தனியே இருக்கும்போது வேறு கதை.

அடுத்த புரட்டாசியில் குழை வண்டி வந்தது. எனக்குப் போய்ப் பார்க்க விருப்பமில்லை, குசினிக்குள் இருந்தேன். நெடுநேரமாகியும் மண்வெட்டிச் சத்தம் கேட்கவில்லை. வண்டிக்காரரின் குரல்தான் கேட்டது.

“என்ன ஐயா, இண்டைக்குக் கட்டெல்லாம் அவிட்டுப் பாக்கிறியள்? குழை சரியில்லையோ?”

“குழை நல்ல குழைதான். வேரோடை ஒண்டு கிடக்கோ எண்டு பாக்கிறன்.”

நான் வெளியே ஓடினேன். முற்றம் முழுக்கக் கட்டவிழ்த்த குழை. அதற்கு நடுவில் ஐயா குந்தியிருந்தார். அவருடைய கையில் வேரும் பொடிமணலுமாக ஒரு சாண் உயரப் பாவட்டைக் கன்று. அதன் இலை ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“இஞ்சை வா, பிள்ளை,” என்றார். “இது நல்ல செடி. புள்ளி இருக்கு.”